இடது தோளில் சிவப்பு மை

படகில் கால் வைப்பதற்கு முன்னாலேயே கத்தரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது.

கத்தரி என்றால் காய் இல்லை, கோல். தையல் ஆலையில் பதினான்கு வருடமாகச் சரக்கைச் சோதித்து அனுப்புகிறவள். நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் வேலை நேரம் முழுக்கக் கழுத்தில் தொங்கும். வாயும் அதே ரகம்தான் என்று கூட வேலை செய்கிற பெண்கள் வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அன்றைய கோபத்தில் பாதி நாத்தனாருக்கு. கணவனின் அக்கா மூன்று வருடம் கழித்து வந்திருந்தாள். வந்த நாள் முதல் தம்பி வீட்டை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் அடுக்கிய விதம், ஜன்னல் திரையின் நிறம், ஏழு வயது மகள் இடது கையால் எழுதுவது, எல்லாவற்றுக்கும் ஒரு ‘ம்ஹும்’. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏரியில் படகுச் சவாரி போகிறோம் என்று அறிவித்ததும் அவள்தான். மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

மீதிக் கோபம் கணவனுக்கு. லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் நல்லவர். வரிசையில் பின்னால் நின்ற குழந்தை அழுகிறது என்று அந்தக் குடும்பத்தை முன்னால் விட்டார். இன்னொருவருக்கு முழங்கால் வலி என்றதும் அவரையும் விட்டார். இப்படியே இரண்டு படகு போய்விட்டது. வெயில் உச்சியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது.

“நம்ம பொண்ணு அழுதாத்தான் நமக்கும் வழி விடுவாங்கபோல. கிள்ளட்டுமா?” என்றாள் கத்தரி.

“போகட்டும் விடு. அடுத்ததுல ஏறிக்கலாம்,” என்றார் அவர். ‘போகட்டும் விடு’ அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. சண்டை என்று யாராவது சொன்னாலே நாலு எட்டு தள்ளி நிற்கிற ஆள்.

“வந்த எடத்துலயாவது சிரிச்ச முகமா இரேன்மா,” என்றாள் நாத்தனார். “உனக்குக் கண்ணுல படுறதெல்லாம் குத்தம்தான்.”

‘யார் சொல்வது பார்’ என்று நாக்கு நுனி வரை வந்ததைக் கத்தரி மென்று விழுங்கினாள்.

மூன்றாவது படகில் இடம் கிடைத்தது. மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு, இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி, நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் பெஞ்சுகள். ஐம்பத்துநாலு பேர். முன்னால் சக்கரத்தைப் பிடித்தபடி வயதான ஓட்டுநர் ஒருவர். வாயைத் தைத்துவிட்டது மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு இளைஞன், கையில் மைக். அவன் வாய் மட்டும் தனி மோட்டாரில் ஓடியது.

படகு கரையை விட்டதும் காற்று மாறியது. மூன்று பக்கமும் மலை. மலை மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்துபோனது. கரையோரம் பச்சையாக இருந்த தண்ணீர் போகப் போகக் கறுத்தது. மகள் பெஞ்சில் முட்டி போட்டு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அடி தெரியல!” என்று கத்தினாள். கத்தரிக்கே நெஞ்சு கொஞ்சம் லேசானது. வந்தது நல்லதுதான் என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பு இரண்டு நிமிடம் நீடித்தது.

மைக்காரன் ஒரு சாக்கைத் திறந்து ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளை வரிசை வரிசையாக விட்டெறிந்தான். “போட்டுக்கோங்க, போட்டுக்கோங்க! கரையில இன்ஸ்பெக்டர் பாத்துட்டு இருக்காரு. அந்த முதல் பாறைய தாண்டிட்டா கழட்டிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். கத்தரி மகளை இழுத்து நிறுத்தி ஒரு ஜாக்கெட்டை மாட்டினாள். இடுப்புப் பட்டையை இறுக்கினாள், தோளைச் சரிசெய்தாள். கைப்பழக்கத்தில் கட்டைவிரல் மார்புப் பக்கம் ஒரு அமுக்கு அமுக்கியது.

விரல் உள்ளே போனது. போன இடத்திலேயே குழி நின்றது. பிறகு மெதுவாக, கொட்டாவி விடுகிற மாதிரி, மேலே எழும்பியது.

நல்ல ஜாக்கெட் அப்படிச் செய்யாது. உள்ளே வைக்கிற ஃபோம் கெட்டியாக இருக்கும், விரலைத் திருப்பித் தள்ளும், தண்ணீரை உள்ளே விடாது. இது மெத்தைக்கு வைக்கிற ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுக்குச் சொந்தக்காரன்.

கத்தரி இன்னொரு தடவை அமுக்கினாள். இதே குழியை அவள் விரல் இதற்கு முன் நானூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறது.

எட்டு மாதம் முன்பு. அவள் ஆலையில் தைப்பதும் லைஃப் ஜாக்கெட்தான். ஃபோம் தீர்ந்துபோய், அவசரத்துக்கு வேறு எங்கோ வாங்கியதை வைத்துத் தைத்த சரக்கு. ஆலைக்குப் பின்னால் உள்ள தொட்டியில் இரும்புக் கட்டையைக் கட்டி மிதக்கவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒரு நாள் முழுக்க மிதக்க வேண்டியது ஐந்தே நிமிடத்தில் தொட்டியின் அடியில் கிடந்தது. அத்தனையையும் ஒதுக்கினாள். ஒவ்வொன்றிலும் இடது தோளின் உள்பக்கம் அழியாத சிவப்பு மையில் வட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போட்டாள். கம்பிக் கூண்டுக்குள் அடைத்துப் பூட்டச் சொன்னாள். ‘சர்க்கரை’ என்று எல்லாரும் சொல்கிற மேலாளர் வந்து பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லதும்மா. எல்லாத்தையும் கிழிச்சு எரிச்சிடுவோம்,” என்றார். அவர் குரல் எப்போதும் அப்படித்தான். கேட்டால் எறும்பு மொய்க்கும்.

இப்போது மகளின் இடது தோளில், உள்பக்கம், படகுப் படம் போட்ட ஒரு துண்டுத் துணி. அந்த இடத்தில் எந்த முட்டாளும் படம் ஒட்ட மாட்டான். சாம்பல் நூலில் ஒற்றைத் தையல், அதுவும் கோணல். கத்தரி கைப்பையைத் துழாவிச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். மூன்றே வெட்டு. துணி பிரிந்து தொங்கியது.

சிவப்பு வட்டம். உள்ளே பெருக்கல் குறி. அவள் போட்ட கோடு. ஒரு கால் மட்டும் எப்போதும் நீளும்.

“அம்மா, ஏன் அழுவுற?” என்றாள் மகள்.

“அழுவல,” என்றாள் கத்தரி. உண்மைதான். அது கோபம். மகள் உடம்பிலிருந்து ஜாக்கெட்டைப் பிடுங்கிய வேகத்தில் குழந்தையே பயந்துவிட்டது. “இங்க நடுவுல உக்காரு. கம்பிகிட்ட போகக் கூடாது. போனா பாரு.” தன் ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள். சிவப்பு வட்டம். கணவன் மேல் இருந்ததை அவர் போட்டிருக்கும்போதே வெட்டினாள். சிவப்பு வட்டம்.

“என்ன பண்ற நீ? எல்லாரும் பாக்கறாங்க,” என்று அவர் பல்லுக்குள் பேசினார்.

“பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்,” என்று எழுந்தாள். மைக்காரனிடம் போனாள். முதலில் மரியாதையாகத்தான் கேட்டாள். “தம்பி, இந்த ஜாக்கெட் எங்க வாங்குனீங்க?”

“அது எதுக்குங்கம்மா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறீங்களா?” என்றான் மைக்கில். சிரிப்பு எழுந்தது.

“இது கழிச்சுப்போட்ட சரக்கு. தண்ணியில விழுந்தா மூழ்கும். இத நானே கழிச்சேன், இதோ என் குறி. படகைத் திருப்பச் சொல்லு.”

“மூழ்குற ஜாக்கெட்டாம்! கேட்டுக்கோங்க!” என்றான் அவன் மைக்கில். “அம்மா, அதெல்லாம் போட்டோவுக்குத்தான். நீங்க உக்காந்து பறவையப் பாருங்க. இடது பக்கம் பாத்தீங்கன்னா…”

கத்தரி மைக்கைப் பிடுங்கினாள். ஐம்பத்துநாலு பேர் ‘ஹா’ என்றார்கள். “இடது பக்கம் பாக்க வேணாம். அவங்கவங்க இடது தோளப் பாருங்க. படம் தச்சிருக்கற துணியக் கிழிச்சுப் பாருங்க.”

ஒருவரும் கிழிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், “சவாரிக்கு வந்தோமா, சண்டை பாக்க வந்தோமா?” என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், “குழந்தைங்க பயப்படுது, உக்காருங்க,” என்றாள். நாத்தனார் முகம் சிவந்து எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

“ஏம்மா, எங்க போனாலும் உன் ஆலைய முதுகுல தூக்கிட்டு வருவியா? மானம் போகுது. வந்து உக்காரு.”

“அண்ணி, உங்க தம்பி பொண்ணு மேல இவன் ஸ்பாஞ்ச மாட்டி நடு ஏரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கான். மானமா பெருசு?”

கணவன் எழுந்து நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் கத்தரி விரலை நீட்டினாள். “‘போகட்டும் விடு’ன்னு மட்டும் சொன்னீங்க, உங்களைத் தூக்கி இதுல போட்டுடுவேன்.”

அவர் தன் தோளில் தொங்கிய துணியையும் அதன் கீழிருந்த சிவப்பு வட்டத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது இன்ஜின் சத்தம் நின்றது. படகு பறவைப் பாறையின் அருகே வந்திருந்தது; போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் நிறுத்துகிற இடம். ஓட்டுநர் சக்கரத்தை விட்டு எழுந்தார். முன்பக்கம் கிடந்த சின்ன நங்கூரத்தையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு நடுவழியில் மெதுவாக நடந்து வந்தார். கத்தரியின் காலடியில் இரும்பை வைத்தார்.

“ஆறேழு கிலோ இருக்கும்,” என்றார். “கட்டுங்க. நானும் பாக்கணும்.”

“அண்ணே, முதலாளிக்குத் தெரிஞ்சா…” என்றான் மைக்காரன்.

“மழையில நனைஞ்சா இதுங்க ரெண்டு நாளைக்குக் காய மாட்டேங்குது. தூக்குனா கல்லு மாதிரி கனக்குது. நானும் கேட்டேன், நீ வண்டிய ஓட்டுன்னு சொல்லிட்டாரு.” அவ்வளவுதான் அவர் பேசினார். போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

கத்தரி தன் ஜாக்கெட்டின் பட்டைகளை ஒரு ஆள் போட்டிருப்பது மாதிரியே பூட்டினாள். கீழே நங்கூரத்தைக் கட்டினாள். மேலே கயிற்றின் ஒரு முனை, மறுமுனை கம்பியில். கணவன் வந்து முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். இரண்டு பேரும் சேர்த்துத் தண்ணீரில் இறக்கினார்கள்.

மிதந்தது. ஆரஞ்சுத் தோள்கள் இரண்டும் வெளியே தெரிய, ஜாக்கெட் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று மைக்காரன் குதித்தான். கைதட்டல்கூட எழுந்தது. வெள்ளைச் சட்டைக்காரர், “திருப்தியாம்மா?” என்றார். கத்தரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஒருவேளை மிதந்தே நின்றுவிட்டால் என்று ஒரு நொடி நினைத்து, அதற்காகத் தன் மேலேயே எரிந்து விழுந்தாள்.

நாலு நிமிடம் போயிருக்கும். ஜாக்கெட் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆரஞ்சு நிறம் கருகியது மாதிரி மங்கியது. கழுத்துப் பக்கத்திலிருந்து குமிழ்கள் வந்தன, முதலில் ஒன்றிரண்டாக, பிறகு சரம் சரமாக. அப்புறம் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கம்பியில் கட்டிய கயிறு ‘விண்’ணென்று இழுபட்டது.

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன.

யாரோ, “எங்க? எங்க போச்சு?” என்றார்கள். அடுத்த நொடி அத்தனை பேரும் எழுந்தார்கள். மூழ்கியதைப் பார்க்க ஐம்பது பேரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள்.

படகு சாய்ந்தது. கொஞ்சமாக இல்லை, நன்றாகவே. பெஞ்சுக்கு அடியில் இருந்த பைகள், பாட்டில்கள், செருப்புகள் எல்லாம் சரிந்து ஓடின. தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கணுக்காலை நனைத்தது. நடுவில் உட்கார்ந்திருந்த மகள் வழுக்கிக் கம்பியை நோக்கிப் போனாள். நாத்தனார்தான் பாய்ந்தாள். அந்தக் கனத்த உடம்பு எப்படி அவ்வளவு வேகமாக வந்ததோ, குழந்தையின் காலைப் பிடித்து, தானும் தரையில் விழுந்து, இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஒக்காரு!”

எண்பது தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கப் பழகிய குரல் அது. மைக் தேவைப்படவில்லை. “இருந்த எடத்துலயே தரையில ஒக்காரு! அந்தப் பக்கம் ஓடாத! ஒருத்தன் எந்திரிச்சாலும் காலை ஒடைச்சிடுவேன்! வெள்ளச் சட்ட, உன்னைத்தான், ஒக்காருய்யா!”

உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சட்டையும் உட்கார்ந்தார், தண்ணீரிலேயே. படகு ஒரு தடவை முனகி, மறுபக்கம் ஆடி, நிமிர்ந்தது. எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. மற்றபடி மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

“இப்ப ரெண்டு ரெண்டு பேரா அவங்கவங்க பெஞ்சுக்குப் போங்க. ஓட்டுநரய்யா, கரை ஓரமாவே போங்க. மெதுவா.”

கணவனும் இன்னொருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். ஜாக்கெட் வெளியே வந்தபோது அதிலிருந்து கொட்டிய தண்ணீர் ஒரு குளியலுக்குப் போதும். நங்கூரத்தை அவிழ்த்த பிறகும் ஒரு கையால் தூக்க முடியவில்லை. கணவன் அதை மகள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததைக் கத்தரி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

கரைக்குப் போகும் வழி முழுக்க ஒவ்வொருவராகத் தங்கள் தோளைக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியால் கிழித்தார்கள், பல்லால் கிழித்தார்கள். சிவப்பு வட்டம், சிவப்பு வட்டம், சிவப்பு வட்டம்.

கரையில் படகு முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு காத்திருந்தார். மைக்காரன் போனில் சொல்லியிருக்க வேண்டும். “யாரு அது? யாரு என் வியாபாரத்தக் கெடுக்கறது?” என்று தொடங்கியவர், ஐம்பது பேரும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் குறைத்தார். “எல்லாம் முறையா வாங்குனதுங்க. சான்றிதழ் இருக்கு. உள்ள வந்து பாருங்க.”

டிக்கெட் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சான்றிதழ் தொங்கியது. ‘மிதப்புச் சோதனையில் தேறியது’ என்று இருந்தது. அடியில் ‘சோதனையாளர் எண் 7’ என்று ஒரு ரப்பர் முத்திரை.

ஏழு அவள் எண். அந்த முத்திரை அவள் மேஜை இழுப்பறையில் பூட்டி இருக்கிறது. இன்னொரு சாவி சர்க்கரையிடம்.

இதுவரை வந்தது ஒரு கோபம். இது வேறு. அதில் சத்தமே இல்லை. கத்தரி சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“ஏய், அத வை!” என்றார் முதலாளி.

“இது என் நம்பர். நான் எடுத்துட்டுப் போறேன். பிடுங்கிப் பாருங்க.”

முதலாளி ஒரு எட்டு வைத்தார். குறுக்கே கணவன் வந்து நின்றார். ஊருக்கெல்லாம் நல்லவர். “ஐயா,” என்றார், குரல் பிசிறியது. “நான் லிஃப்ட் வேலை பாக்கறவன். கயிறு நைஞ்சிருக்கறது தெரிஞ்சும், எல்லாம் சரியா இருக்குன்னு இந்த மாதிரி ஒரு காகிதத்த ஒட்டிட்டு வந்தேன்னா என்னை உள்ள வைப்பாங்க. உங்களுக்கு மட்டும் என்ன?”

“எல்லா ஏரியிலயும் இதத்தான் போடறாங்க! என்னை மட்டும் கேக்கறீங்க!”

“எல்லா ஏரியிலயுமா?” என்றாள் கத்தரி.

அதற்குள் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் படகிலிருந்த ஜாக்கெட்டுகளை வாரி வேனில் போட வந்தார்கள். அவற்றின் மேல் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கரையில் எல்லாவற்றையும் குவித்து, குவியல் உச்சியில், ஈரப் புடவையோடு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு.

“எந்திரிங்கம்மா.”

“மாட்டேன்.”

“இது எங்க பொருள்மா.”

“இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வந்து பாத்த அப்புறம் எடுத்துக்கோ. அதுவரைக்கும் எனக்குக் கால் வலிக்குது, உக்காந்திருக்கேன். தொட்டுப் பாரு, என்ன ஆகுதுன்னு காட்டறேன்.”

கத்தரிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நூறு அடி தூரத்தில்தான் இருந்தார். வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்து வருடமாகக் கரையிலிருந்து ஆரஞ்சு நிறத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவர். ஐம்பது பேர் சுற்றி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் தாளை எடுத்தார். கத்தரி ஒன்று விடாமல் சொன்னாள். தொட்டி, இரும்புக் கட்டை, சிவப்பு மை, கூண்டு. கடைசியில் ஒரு நிமிடம் நிறுத்தினாள்.

“ஒரு திங்கக்கிழமை வேலைக்கு வந்தப்ப கூண்டு காலியா இருந்துச்சு. எரிச்ச சாம்பல் எங்கயும் இல்ல. கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல. இதையும் எழுதிக்கோங்க.”

“அத ஏன்மா சொல்ற?” என்று நாத்தனார் காதைக் கடித்தாள். “உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கறியே?”

“நடந்தது அது, அண்ணி. அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பிள்ள மேல இது ஏறியிருக்காது.”

எட்டு மாதமாக அடியில் எங்கோ கிடந்தது வெளியே வந்துவிட்டது. வந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை. இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை ஆலைக்கு, வேலை நேரத்துக்கு அரை மணி முன்பே போனாள். சர்க்கரைக்குச் செய்தி போயிருந்தது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. பாவம், பயந்துபோயிருப்பீங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க. வந்ததும் சூப்பர்வைசர் வேலையப் பத்திப் பேசலாம்.”

“மிச்சம் எங்க?”

“என்ன மிச்சம்?”

“நானூத்திப் பன்னிரண்டு கழிச்சேன். அந்தப் படகுல அறுபது இருந்துச்சு. மிச்சம் முந்நூத்தி அம்பத்திரண்டு எங்க?”

சர்க்கரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது மூணு கை மாறிடுச்சும்மா. எனக்கே தெரியாது. இப்ப என்ன, யாராவது செத்தாங்களா? இல்லல்ல?”

பதினான்கு வருடமாக வேலை செய்கிற பெண்களின் குழந்தைகளைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிற அதே குரலில் சொன்னார். கத்தரி தண்ணீர் டம்ளரை எடுத்தாள். அவர் மேஜை மேல் விரித்திருந்த காகிதங்களின் மேல், அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள்.

“செத்த அப்புறம் கேக்கறதுக்கு நான் எதுக்குய்யா? அதுக்கு வேற ஆள் இருக்காங்க.”

வெளியே வந்து எண்பது மெஷின்களுக்கு நடுவில் நின்று நடந்ததைச் சொன்னாள். எண்பதில் பதினொன்று நின்றன. மற்றவை ஓடிக்கொண்டே இருந்தன. அந்தப் பெண்கள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் காலிக் கூண்டின் முன்னால் தானும் இப்படித்தான் நின்றோம் என்று தெரிந்தே வந்தது. மத்தியானத்துக்குள் அவளுக்கு வேலை நீக்க உத்தரவு தட்டச்சாகிவிட்டது. காரணம்: மேலதிகாரியிடம் ஒழுங்கீனம்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். அந்த ஏரியில் படகுகளை ஏழு வாரம் நிறுத்தி வைத்தார்கள். சர்க்கரை மேல் வழக்குப் போட்டார்கள். அவர் ஜாமீனில் வந்து வேறு ஆலையில் சேர்ந்துவிட்டார். வாயைத் திறந்த குற்றத்துக்கு ஓட்டுநருக்கும் வேலை போனது. படகு முதலாளி புது ஜாக்கெட் வாங்கி மறுபடி ஓட்டுகிறார். அதிகாரிகள் ஐந்து ஏரிகளில் தேடி இருநூற்று முப்பத்தொன்றைப் பிடித்தார்கள், அந்த அறுபதும் சேர்த்து. அதோடு கோப்பை மூடினார்கள்.

கத்தரி இப்போது ஒரு சின்னத் தையல் கடையில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வந்ததும், நாத்தனார் ஊரிலிருந்து எழுதி அனுப்புகிற படகுத்துறை எண்களை வைத்துக்கொண்டு போனில் உட்காருகிறாள். நாத்தனார் எங்கிருந்தெல்லாமோ பிடிக்கிறாள். ஒரு எண் தவறாக இருந்தால் இரண்டு பேருக்கும் போனிலேயே சண்டை.

நேற்று ஐந்து இடத்துக்குப் பேசி, ஜாக்கெட்டின் இடது தோளைக் கிழித்துப் பார்க்கச் சொன்னாள். மூன்று பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். ஒருவன் பைத்தியம் என்றான். கணவன் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“இப்பவாவது கொஞ்சம் ஆறுச்சா?” என்றார்.

“இன்னும் நூத்தி எண்பத்தொண்ணு வெளியில இருக்கு,” என்றாள். “எப்படிங்க ஆறும்?”

அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளில் அடுத்திருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தத் தொடங்கினார்.